இரண்டு கல்லறைகளில் ஒரு பெயர்

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவர் முழுக்க ஹோல்டன்கள்தான். மலாயாவில் டொக்டராக இருந்த ஹோல்டன், கொழும்பில் நீதவானாக இருந்த ஹோல்டன், தொப்பியைக் கழற்றாமலே படமெடுத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஹோல்டன். இவர்கள் எங்கள் சொந்தக்காரர். இவர்களுக்குக் கீழே, கனடாவிலிருந்து சித்தப்பா இன்ரநெற்றில் தேடிப்பிடித்து அனுப்பிய ஹோல்டன்கள்: ஒரு கப்பல் தளபதி, ஒரு பாட்டுக்காரி, மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் ஒரு விளையாட்டுக்காரன். எல்லோரும் வெள்ளைக்காரர். அப்பா அவர்களுக்கும் சட்டம் போட்டு மாட்டினார். பண்டத்தரிப்புப் பக்கம், தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன வீட்டுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

“உந்த வெள்ளைக்காரரிலை ஆராவது எங்கடை கலியாணத்துக்கு வந்தவையே?” என்று அம்மா கேட்பார். அவர் சுன்னாகத்துச் சைவக் குடும்பம். அப்பாவைக் கட்டுவதற்காகத் தேவாலயத்துக்கு வந்தவர்.

“பேர் ஒண்டெல்லே!” என்பார் அப்பா. அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

நாட்டில் போர் முடிந்து சில வருடங்களில் தம்பி பிறந்தான். எனக்கு அப்போது எட்டு வயது. நாள் வரமுன்னரே பிறந்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து தப்பிய பிள்ளை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அணில்குஞ்சு மாதிரி இருந்தான். எங்கள் குடும்பத்தின் முதலாவது ஹோல்டனின் முழுப்பெயரையே அவனுக்கு வைப்பதென்று அப்பா தீர்மானித்தார். ஆமோஸ் ஹோல்டன். அந்த மனிதர் எண்பது தாண்டி வாழ்ந்தவராம். பெயரோடு ஆயுளும் சேர்ந்து வரட்டும் என்று அப்பா நினைத்திருப்பார், பாவம்.

அவருடைய கல்லறை தேவாலயத்துக்குப் பின்னால் சவக்காலையில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில், ஒரு கட்டில் அளவுக்கு இருந்தது. ஞாயிறு பாடசாலை முடிந்து நாங்கள் ஒளித்துப்பிடித்து விளையாடும்போது நான் அதன் பின்னால்தான் ஒளிப்பேன். அந்த ஞாயிறு வேறு யாரோ அங்கே முந்திக்கொண்டதால், மதிலோரம் புல் மண்டிக்கிடந்த மூலைக்கு ஓடினேன். காலில் ஒரு கல் இடறியது. என் நீளத்துக்கு ஒரு சின்னக் கல்லறை. பாசியைக் கையால் தேய்த்தேன். பெரிய கல்லறையில் இருந்த அதே ஆங்கில எழுத்துகள். ஆமோஸ் ஹோல்டன். கீழே வயது ஒன்பது.

ஐயோ! ஒரே ஆள் கிழவனாகவும் செத்து, சிறுவனாகவும் செத்திருக்கிறான்.

அப்பாவிடம் கேட்டேன். “அது வேறை ஆள். நீ போய்ப் படி” என்றார். சுவரில் தொங்கிய அமெரிக்கப் பாட்டுக்காரியைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைக்கக்கூடிய மனிதர்.

அம்மாதான் சொன்னார், தம்பிக்கு எண்ணெய் தேய்த்தபடி. “அந்தக் காலத்திலை அமெரிக்காவிலை இருக்கிற ஒராள் இஞ்சை மிஷன் பள்ளிக்கூடத்திலை ஒரு ஏழைப் பிள்ளையைப் படிப்பிக்கக் காசு அனுப்புவார். பிள்ளைக்கு அவர் சொல்லுற பேரை வைப்பினம். அந்தப் பெடியன் காய்ச்சலிலை செத்துப்போனான். பேர் சும்மா கிடந்தது. அடுத்ததா வந்த பெடியனுக்கு அதைக் குடுத்திட்டினம். அவர்தான் உங்கடை முதலாவது ஹோல்டன்.”

“அப்ப அது செத்த பிள்ளையின்ரை பேரோ அம்மா?”

“ஓம்” என்றார். தம்பியின் வயிற்றில் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. “அப்பாவிட்டை வேறை பேர் வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாச்சு. அவர் பிடிச்ச பிடியிலை நிக்கிறார்.”

அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. செத்துப்போன பிள்ளையின் சட்டையைக்கூட அம்மா தம்பிக்குப் போடமாட்டார். அப்படியிருக்கப் பெயரை எடுத்து வைக்கலாமா? சட்டைக்குச் சொந்தக்காரன் ஒருநாள் தேடி வரத்தானே செய்வான்? அவனுக்கு ஒன்பது வயது. தம்பிக்கு இன்னும் தலை நிற்கவில்லை. இழுபறி வந்தால் யார் வெல்வது?

தம்பியைக் கவனிக்கத் தொடங்கினேன். அவன் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டான். எங்கள் தோளுக்குப் பின்னால், ஆளில்லாத வாசலைப் பார்த்துச் சிரிப்பான். அந்த வாசலுக்கு நேரேதான் தேவாலயக் கூரை தெரியும். ஞாயிறன்று ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைப்பதாக இருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியது. அப்பா மருந்து வாங்கி வந்தார், அம்மா தூங்கவில்லை. எனக்கு மட்டும்தான் காரணம் தெரியும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒருவருக்கும் சொல்லாமல் சவக்காலைக்குப் போனேன். வெயில் கொளுத்தியது. காகம்கூடக் கத்தவில்லை. மதிலோரத்துப் புல் முழங்கால் அளவுக்கு அசையாமல் நின்றது.

“ஆமோஸ்” என்று கூப்பிட்டேன்.

ஒரு அசைவும் இல்லை. இன்னும் பலத்துக் கூப்பிட்டேன். “ஆமோஸ் ஹோல்டன்! தம்பிக்கு உன்ரை பேரை வைக்கப் போகினம். அவன் சின்னன், அவனை விட்டிடு. உனக்கு விருப்பமில்லையெண்டால் சொல்லு, நான் அப்பாவிட்டைச் சொல்லுறன்.”

புல்லில் ஒரு நுனிகூட ஆடவில்லை. எனக்கு அழுகை வந்தது. யாருமில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

அப்போது மதிலுக்கு அப்பால், தோட்டக் குடிசைப் பக்கமிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. தன் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள்.

“ராசா, எங்கையடா நிக்கிறாய்? சோறு ஆறுது, ஓடி வா!”

கல்லறைக்குப் பக்கத்துப் புல் விலகியது. காற்று இல்லை. புல் ஒரு கோடாகப் பிளந்து, என் காலைக் கடந்து, மதில்வரைக்கும் வேகமாகப் போய் நின்றது. கீரியாக இருக்கலாம். நான் கீரியைக் காணவில்லை. செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அன்று பின்னேரம் தம்பியின் காய்ச்சல் விட்டது.

ஞாயிறு காலை தேவாலயத்தில் போதகர் கையை நீட்டினார். பிள்ளையைக் கொடுக்குமுன் அம்மா குனிந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு, அவன் காதில் ஏதோ முணுமுணுத்தார். கொஞ்சுகிறார் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு அப்பா எல்லோருக்கும் கேட்க “ஆமோஸ் ஹோல்டன்” என்றார். நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை.

தம்பிக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. கிரிக்கெட் கிண்ணத்தோடு அவன் நிற்கும் படம் கப்பல் தளபதியின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. சைவக் குடும்பங்களில் பெயர் வைக்கும்போது பிள்ளையின் காதில்தான் முதலில் சொல்வார்கள் என்று வளர்ந்த பிறகு அறிந்தேன். அன்று அவன் காதில் என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கேட்டால் சிரித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

தன் பெயரைப் பிடுங்கிக்கொள்ளத்தான் அந்தப் பெடியன் அங்கே காத்துக் கிடக்கிறான் என்று பயந்திருந்தேன். அந்தப் பெயர் அவனுக்கும் யாரோ கொடுத்ததுதான் என்பது எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை. அவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள். அவன் காதில் அவள் சொன்ன பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கடலுக்கு அப்பால் இருந்த யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் திரும்பவில்லை. சாப்பிட வா என்று ஒரு தாய் கூப்பிட்டதும் ஓடிப்போனான்.