எட்டாம் இடத்துச் சந்திரனும் கிதிர் முகம்மதுவின் குதிகாலும்

இலஞ்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் லோகநாயகிக்கு நாற்பத்தொன்பது வயது. இதில் அவர் பயப்படாமல் இருந்த நாட்களை எண்ண ஒரு கை போதும். அதிலும் கட்டைவிரல் மிச்சமாகும். பேருந்து முந்தினால் பயம். முந்தாமல் ஒரே சீராகப் போனால், ஓட்டுநர் தூங்கிவிட்டாரோ என்று பயம். மேற்கே மலை கறுத்தால் அருவிக்குப் போயிருக்கும் பிள்ளைகளை நினைத்துப் பயம். தலைமையாசிரியை கோபமாகக் கூப்பிட்டால் பயம், சிரித்துக்கொண்டே கூப்பிட்டால் இன்னும் பயம்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஆறு முதலாளிகள் சேர்ந்து, தங்கள் கூடைப்பந்து அணிகளில் யார் யாரோடு எந்த நாளில் ஆடுவது என்று முடிவுசெய்யும் வேலையைக் கொடுத்தார்கள். பயப்படுகிறவர் தப்புச் செய்யமாட்டார் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். பயப்படுகிறவர் மறுத்துப் பேசமாட்டார் என்பதை வெளியே சொல்லவில்லை.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் தென்காசியில் சாரல் லீக் தொடங்கிவிடும். ஊருக்கு வெளியே தகரக்கூரை போட்ட ஒரே ஆடுகளம். ஒரு நாளைக்கு ஓர் ஆட்டம், மாலை நாலரை மணிக்கு. ஆடுகிறவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் அல்லர். பந்தைத் தொட்டால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள்.

அட்டவணை போடுவதற்கு லோகநாயகிக்கு ஆறு தம்ளர்கள் போதும். அடுக்களைத் தரையில் வட்டமாக வைப்பார். ஒன்றை அசையாமல் வைத்துவிட்டு மற்ற ஐந்தையும் கும்மியில் சுற்றுவதுபோல ஒவ்வோர் இடமாக நகர்த்துவார். ஒவ்வொரு சுற்றிலும் எதிரெதிரே நிற்கும் தம்ளர்கள் மோதவேண்டிய அணிகள். ஐந்து சுற்றில் எல்லோரும் எல்லோரோடும் ஆடிமுடித்திருப்பார்கள். யாருக்கும் ஓர் ஆட்டம் கூடாது, குறையாது. இவ்வளவு நியாயமான பாத்திரங்கள் வேறெந்த அடுக்களையிலும் இருக்கமாட்டா.

சிக்கல் தம்ளர்களில் இல்லை, நாட்காட்டியில் இருந்தது. முதலாளிகள் தங்களுக்கு ஆகாத நாட்களின் பட்டியலைக் கொடுப்பது லீக்கின் வழக்கம். ஒருவருக்கு அஷ்டமி நவமி ஆகாது. ஒருவர் கரிநாளில் பந்துப் பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவிடமாட்டார். ஒருவருக்குத் திங்கட்கிழமைகளே ஆகாது. காரணம் கேட்டதற்கு அது குடும்ப விஷயம் என்றார். தென்காசி அணியின் முதலாளி, அரிசி ஆலை மகாராஜா, தம் ராசிக்கு எட்டாம் இடத்தில் சந்திரன் நிற்கிற சந்திராஷ்டம நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுத்திருந்தார். அந்த நாட்களில் அவர் வண்டி ஓட்டமாட்டார், கையெழுத்துப் போடமாட்டார், சூடாக எதையும் குடிக்கமாட்டார்.

ஆறாவது பட்டியல் மட்டும் வெறும் தாளாக வந்தது. அது ஆலங்குளம் அணியின் முதலாளி கடற்கரை என்பவருடையது. பம்ப்செட் கடை வைத்திருக்கும் பகுத்தறிவாளர். ராகுகாலத்தில் கல்யாணம் செய்துகொண்டு முப்பது வருடமாக அதையே எல்லோரிடமும் சொல்லிவருகிறவர். தாளின் நடுவில், 'எல்லா நாளும் நல்ல நாளே' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

ஊரில் நல்லவனுக்கு நேர்வதுதான் அந்தத் தாளுக்கும் நேர்ந்தது. நாள் பார்க்கும் இருவர் மோதவேண்டுமென்றால் இருவருக்கும் ஆகிற நாளாகத் தேடிப் பிடிக்கவேண்டும். அப்படிப்பட்ட நாட்கள் எல்லாம் அவர்களுக்கே போயின. மிச்சம் கிடந்த சந்துபொந்து நாட்களில் யாரை வைப்பது? எந்த நாளையும் வேண்டாமென்று சொல்லாத ஆலங்குளத்தைத்தான். அந்தச் சந்துபொந்துகள் ஜூலையின் ஒரே வாரத்தில் வந்து குவிந்தன. செவ்வாய், புதன், வெள்ளி, சனி. ஐந்து நாளில் ஆலங்குளத்துக்கு நான்கு ஆட்டம். சனிக்கிழமை எதிரே வரப்போகும் தென்காசி அணியோ அதற்கு முன் முழுதாக ஐந்து நாள் ஓய்வெடுத்திருக்கும்.

அட்டவணையை வாட்ஸப் குழுவில் போட்ட பிறகுதான் லோகநாயகி இதைக் கவனித்தார். அதற்குள் ஆறு கட்டைவிரல்கள் உயர்ந்துவிட்டன. முதலில் உயர்ந்தது கடற்கரையுடையது. உயர்ந்த விரலை மடக்கச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டார்.

அந்த வாரத்தின் புதன்கிழமையே ஆகிவிட்டது. ஆலங்குளம் அணியின் நெட்டையன், அச்சன்புதூர் கிதிர் முகம்மது, கூடைக்குக் கீழே எகிறிப் பந்தைப் பிடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கினான். இறங்கியவன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மறுநாள் மதியம், ஓர் ஆட்டோவில் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்து, பள்ளிக்கே வந்துவிட்டான். அட்டவணையை மாற்றச் சொல்லி அவன் வரவில்லை. காலைக் கட்டிவிடச் சொல்லி வந்தான். சுளுக்குக்கும் நரம்புக்கும் பட்டை சுற்றுவதில் லோகநாயகியின் கை பேர்பெற்றது.

"அஞ்சு நாளு குதிக்காதங்காரு டாக்டரு. சனிக்கிழமை குதிங்காரு கோச்சு. நீங்க இறுக்கிக் கட்டுங்க டீச்சர், நான் ரெண்டு பேருக்கும் பொதுவாக் குதிச்சிக்கிடுதேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அவனை உட்காரவைக்க ஒப்புக்கொண்டிருந்தார்களாம். ஒப்பந்தப்படி ஓர் ஆட்டம் உட்காரலாம். இரண்டாவதும் உட்கார்ந்தால் அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். அதனால் சனிக்கிழமை ஆடியே தீரவேண்டும்.

குதிகாலுக்கு மேலே விரலை வைத்து அழுத்தினார். சிரித்துக்கொண்டிருந்தவன் முகம் சுருங்கியது. அவர் கல்லூரியில் ஆடிய காலத்தில் முத்துச்செல்வி என்றொரு தோழி இருந்தாள். இதே இடத்தில் இதே வீக்கத்தோடு, அடுத்தடுத்த நாள் இரண்டு ஆட்டம் ஆடினாள். இரண்டாவதில், பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த லோகநாயகிக்கு ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம். முத்துச்செல்வி இப்போதும் படிக்கட்டைப் பக்கவாட்டில்தான் இறங்குகிறாள். லோகநாயகியின் பயங்களில் மற்றவை எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. இதுதான் மூத்தது.

கட்டிவிட்டு அனுப்பினார். பிறகு லீக்கின் விதியை எடுத்துப் படித்தார். இரு முதலாளிகளில் ஒருவர் கேட்டு மற்றவர் சம்மதித்தால், அல்லது அட்டவணை போட்டவர் கேட்டு இருவரில் எவரும் மறுக்காவிட்டால், ஆட்டத்தைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைக்கக் காலியாக இருந்தது ஒரே நாள், அடுத்த செவ்வாய். ஏன் காலியாக இருக்கிறது என்று பார்த்தார். சிவப்பு வட்டம்.

முதலில் ஆலங்குளத்துக்குப் பேருந்து ஏறினார். பயந்தவர்கள் எப்போதும் எளிய கதவை முதலில் தட்டுவார்கள். கடற்கரை கடை வாசலில் நாற்காலி போட்டு, குடிக்கக் கலர் வரவழைத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கிதிர் நல்ல பையன் என்றார். அட்டவணை அநியாயம் என்பதையும் ஒத்துக்கொண்டார். ஆனால் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கமாட்டார்.

"நான் ஒரு நாள மாத்தச் சொன்னேன்னு வைங்க டீச்சர். கடற்கரையும் நாள் பாக்க ஆரம்பிச்சுட்டான்னு ஒரு பய விடாமச் சிரிப்பான். முப்பது வருசக் கொள்கை."

காலுக்காக என்று சொல்லிக் கேட்கலாமே என்றார் லோகநாயகி. காலுக்காக என்றால் யார் நம்புவார்கள் என்று கேட்டார் அவர். தானாக வேறு யாராவது மாற்றினால் மறுக்கமாட்டேன் என்றும் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டார். எந்த நாளும் கெடுதல் செய்யாது என்று அவ்வளவு உறுதியாக நம்புகிற ஒருவர், ஒரு நாளைத் தள்ளிப்போடச் சொல்ல அவ்வளவு பயந்தார். லோகநாயகி பாதிக் கலரோடு எழுந்து வந்துவிட்டார்.

மிச்சமிருந்தது மகாராஜா. லோகநாயகி வேலைபார்க்கும் பள்ளியின் நிர்வாகக் குழுவிலும் அவர் உண்டு. ஆண்டு விழாவில் அவர் மேடையேறும்போது ஆசிரியைகள் வரிசையாக நிற்பார்கள். லோகநாயகி எப்போதும் கடைசியில், தூணுக்குப் பின்னால். வெள்ளிக்கிழமை காலை அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அரிசி ஆலைக்குப் போனார். வாசலில் நின்ற காவலாளி சுப்பு இடது கையால் கேட்டைத் திறந்துவிட்டான். அவனுக்கு இருந்தது அந்த ஒரு கைதான்.

மகாராஜா மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் எழ முடியாதோ என்று பயந்து லோகநாயகி நின்றுகொண்டே சொன்னார். அவர் செவ்வாய்க்கிழமை என்றதும் மகாராஜா கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

"அது என்ன நாளுன்னு தெரிஞ்சுதான் கேக்கியளா?"

பிறகு கேட்டை நோக்கிக் கையைக் காட்டினார். இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல ஒரு நாளில்தான் ஆலை எந்திரத்தின் பெல்ட் அறுந்து, அப்போது அதில் வேலைபார்த்த சுப்புவின் கையை வாங்கியதாம். அன்றைக்கு ஆலையை மூடியிருக்கவேண்டும், மூடவில்லை, அந்தப் பாவம் தமக்குத்தான் என்றார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. அவர் நடிக்கவில்லை. லோகநாயகி உள்ளூர எதிர்பார்த்து வந்தது ஒரு முரட்டு முதலாளியை. எதிரே இருந்ததோ தன்னைப்போலவே வியர்த்துப்போன ஓர் ஆள். பயந்தவரைப் பார்த்தால் பயந்தவருக்குத் தைரியம் வரும் என்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் வரவில்லை. இரண்டு பயமும் சேர்ந்து அறை முழுக்க நிறைந்ததுதான் மிச்சம். ஆனாலும் வாய் திறந்தது. அது தன் வாய்தான் என்பதை நம்ப லோகநாயகிக்குச் சற்று நேரம் பிடித்தது.

"பெல்ட் தேஞ்சு போச்சுன்னு சுப்பு ரெண்டு தடவ உங்ககிட்டச் சொன்னான் அண்ணாச்சி. நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு சொன்னியளாம். இங்கன எல்லாருக்கும் தெரியும். இந்தப் பையன் காலும் தேஞ்சு போச்சு. நான் விரல வச்சுப் பாத்தேன். நாளைக்கு அவன் உங்க பசங்களோட ஆடுனா அறுந்துரும். அதான் இன்னைக்கே வந்து சொல்லுதேன்."

லோகநாயகி தம் வேலை, வீட்டுக் கடன், ஓய்வூதியம் ஆகியவை வரிசையாகக் கேட்டுக்கு வெளியே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடமாக மகாராஜா சந்திரன் தலையில் பத்திரமாக இறக்கிவைத்திருந்த பழியை எடுத்து, மறுபடி அவர் தலையிலேயே வைத்துவிட்டோம் என்பது லோகநாயகிக்குத் தெரிந்தது.

மகாராஜா மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு தாளை நகர்த்தினார். செவ்வாய்க்கிழமை தம் பையன்கள் யாருக்காவது ஏதாவது ஆனால் அதற்கு லோகநாயகி பொறுப்பு என்று எழுதித் தரச் சொன்னார். "நானே பொறுப்பா இருந்து இருந்து எனக்கு நெஞ்சு ஓஞ்சு போச்சு டீச்சர்" என்றார். லோகநாயகி எழுதினார். கையெழுத்து, கோழி கிளறியதுபோல வந்தது. இப்படியாக ஒரு சந்திராஷ்டமம், ஜாதகத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு ராசிக்கு இடம் மாறியது.

அன்று மாலையே ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டதாகக் குழுவில் செய்தி வந்தது. கட்டைவிரலை முதலில் உயர்த்தியவர் கடற்கரை.

அடுத்த நான்கு நாளும் லோகநாயகி சரியாகச் சாப்பிடவில்லை. முன்பு ஒரு குதிகால்தான் கவலை. இப்போது தென்காசி அணியின் பன்னிரண்டு பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் யார் வண்டியில் வேகமாகப் போகிறவன், யார் அருவியில் பாறைமேல் ஏறுகிறவன் என்று விசாரித்தார். சந்திரனை அவர் நம்பியதில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டபிறகு, நம்பாமல் இருப்பது அவ்வளவு எளிதாக இல்லை. திங்கட்கிழமை முதல் வேலையாக வானத்தைப் பார்த்தார். சாரல்தான் இருந்தது.

செவ்வாய் மாலை மகாராஜா ஆடுகளத்துக்கு வரவில்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம் அணியினர் யாரும் இருசக்கர வண்டியில் வரக்கூடாது, நடந்தே வரவேண்டும், ஓரமாக வரவேண்டும் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். விளைவு, ஐந்து நாள் ஓய்வு எட்டு நாளாகி, தின்று தெளிந்து வந்த அந்த அணி, முட்டைக்கூடையைத் தலையில் வைத்தவர்களைப்போல ஆடியது. பந்து கைக்கு வந்தால் யார்மேலாவது பட்டுவிடுமோ என்று பார்த்தார்கள். கிதிர் முகம்மது கட்டிய காலோடு எகிறினான். அவன் எகிறும்போதெல்லாம், அதிகாரிகள் மேசையில் உட்கார்ந்திருந்த லோகநாயகி மூச்சை நிறுத்திக்கொண்டார். அவன் இறங்கிய பிறகுதான் விட்டார். தகரக்கூரையில் சாரல் வலுத்தபோது அவருக்கு வேறு பயம் வந்தது. இந்தச் சத்தத்தில் பனைமட்டை முறிந்தால் காதில் விழாதே.

மூன்றாம் கட்டத்தில் கிதிரும் தென்காசி ஆட்டக்காரன் ஒருவனும் ஒன்றாக விழுந்தார்கள். லோகநாயகி எழுந்துவிட்டார். விழுந்த இருவரும் தரையில் கிடந்தபடியே ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஏலே, உனக்கு ஏதும் ஆயிரலையே?" என்று தென்காசிக்காரன்தான் முதலில் கேட்டான். கூடைப்பந்து வரலாற்றில் எதிரணியிடம் இவ்வளவு கரிசனத்தோடு விளையாடப்பட்ட ஆட்டம் வேறு இருக்க முடியாது. இருவரும் எழுந்து ஓடினார்கள். லோகநாயகிக்கு உட்காரத்தான் நேரமாயிற்று.

கடைசி விசில் ஊதியபோது மேசையில் இருந்த செல்பேசி அதிர்ந்தது. மகாராஜா. விசில் சத்தம் அவர் வீடுவரை கேட்டிருக்க வாய்ப்பில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

"எல்லாரும் முழுசா இருக்காங்களா டீச்சர்?"

லோகநாயகி எழுந்து நின்று தென்காசி அணியை ஒவ்வொருவராக எண்ணினார். பிறகு ஆலங்குளம் பக்கம் திரும்பினார். கிதிர் முகம்மது பெஞ்சில் உட்கார்ந்து பட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரித்த காலைத் தரையில் வைத்து, ஊன்றி, எழுந்து நடந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

"ரெண்டு பக்கமும் முழுசாத்தான் இருக்கு அண்ணாச்சி."

மறுமுனையில் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. இந்த முனையிலும் ஒன்று போயிருக்கவேண்டும். பிறகு மகாராஜா, ஏதோ மறந்துபோனதை நினைவுகூர்ந்தவர்போல, யார் ஜெயித்தது என்று கேட்டார்.

நாற்பது நிமிட ஆட்டம் முழுக்கப் புள்ளிப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த லோகநாயகி, அப்போதுதான் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார்.