நூறு வயதுக்காரருக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் ஒரு நாஜிக்குப் பொன்னாடை போர்த்தினார். தெரியாமல் அல்ல, தெரிந்துகொண்டே போர்த்தினார்.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டில், எங்கள் தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருக்கிறார். உலகப் போர் முடிந்ததும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அகதி என்று சொல்லி வந்தவர். போன மாதம் அவருக்கு நூறு வயது. எங்கள் ஆட்களுக்கு மேடையும் மைக்கும் கிடைத்தால் யாருக்காவது பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும். 'நல்ல அயலவர்' என்று பொங்கல் விழாவில் அவரை மேடையேற்றினார்கள். நான் பின்னால் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு யூத அம்மா கதவைத் தட்டினார். அந்தக் கிழவர் ஹிட்லரின் படைக்குக் கீழே ஒரு காவல் பிரிவில் இருந்தவராம். அந்தப் பிரிவு சுட்டுக் குழியில் தள்ளியவர்களில் இந்த அம்மாவின் தாத்தா குடும்பமும் உண்டு. முப்பது வருடங்களுக்கு முன் போலீஸ் வந்து விசாரித்தது. பிரிவில் இருந்தேன், சுடவில்லை என்றாராம் கிழவர். சாட்சிகள் செத்துவிட்டார்கள், ஆளுக்கும் வயதாகிவிட்டது, கோர்ட்டில் நிற்க உடம்பு தாங்காது என்று கைவிட்டுவிட்டார்கள். தாங்காத அந்த உடம்பு அதற்குப் பிறகும் வருடக்கணக்காகப் புல் வெட்டியது. எங்கள் மேடைப் படியையும் யார் கையையும் பிடிக்காமல் ஏறியது.

"உங்கள் தலைவரிடம் விழாவுக்கு முதலே சொன்னேன். அதே மேடையில் 'பிழை செய்துவிட்டோம்' என்று சொன்னால் போதும். இல்லாவிட்டால் இந்தத் தெருவில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது?" என்றார் அந்த அம்மா.

உடனே தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் அக்கா, அந்த மனிசி சொன்னவதான். நோட்டீஸ் எல்லாம் அடிச்சாச்சு. பிறகு என்ன செய்யிறது?"

"எனக்குப் போர்த்தியிருக்கலாமே. வடை சுட்டது நான்தானே."

"பகிடி விடாதேங்கோ. நூறு வயசுக் கிழவன், விடுங்கோ அக்கா."

"ஊரில எங்கட சனத்தைச் சுட்டவங்களும் ஒருநாள் கிழவனாவாங்கள் தம்பி. அப்பவும் விடுவமோ?"

போனை வைத்துவிட்டார்.

பொன்னாடையையாவது திருப்பி வாங்குவோம் என்று கிழவர் வீட்டுக்குப் போனேன். அது சோபாவில் விரித்துக் கிடந்தது. மேலே ஒரு பூனை. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அதெல்லாம் விசாரித்து முடித்துவிட்டார்கள். பூனையை எழுப்பாதே" என்றார்.

எழுப்பினேன். பூனை பிராண்டியது. நானும் விடவில்லை, உருவிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு முறை துவைத்தும் பூனை மயிர் போகவில்லை.

தலைவரே, சித்திரை வருடப்பிறப்புக்கும் அதே மண்டபத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அந்த அம்மாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்துவேன். பாராளுமன்றத்துக்கு முன்னால் நாங்கள் எங்கள் சனத்துக்கு நீதி கேட்டு நிற்கும்போதெல்லாம் எல்லோருக்கும் முன்னால் நின்று கத்துகிறவர் நீங்கள். கொலைகாரனுக்கு எத்தனை வயதானால் விட்டுவிடலாம்? அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து, சபைக்கே கேட்கும்படி மைக்கில் சொல்லுங்கள்.