பெரியப்பாவுக்கு வந்த நல்ல ரிசல்ட்

எங்கள் பெரியப்பா தேயிலைத் தோட்டத்தில் லோரி ஓட்டினார். எங்கள் மலையில் விளையும் முட்டைக்கோசையும் கீரையையும் நாடே தின்றது. அவர் மட்டும் தொடமாட்டார். காலையில் எழுந்ததும் சிகரெட், மத்தியானம் டின் இறைச்சி, சாயங்காலம் பீர். நடை என்றால் லோரியிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும்தான். சில மாதங்களாகவே அவருக்கு மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூலச்சூடு என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. கிளினிக்கிலிருந்து வந்தவர்கள் ஐம்பது தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு சின்னக் குப்பி கொடுத்துவிட்டுப் போனார்கள். துளி மலத்தை அதில் எடுத்துக் கொடுத்தால் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாமாம். யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பெயர்ப்பட்டியலில் குறித்துக்கொண்டிருந்தார். அதனால் தப்பிக்க வழியில்லை.

மறுநாள் காலை பெரியப்பா என்னைக் கக்கூஸ் பக்கம் அழைத்துப்போய் அந்தக் குப்பியை நீட்டினார்.

"இதுல நீ கொஞ்சம் எடுத்துக் குடு லா."

"ஏன் பெரியப்பா? ஒங்களுக்குத்தானே குடுத்தாங்க?"

"எனக்குச் சீக்குன்னு வந்தா லோரிய வாங்கிருவாங்க. லோரி போனா தோட்டத்துல குடுத்த இந்த லைன் வீடும் போயிரும். பெரியம்மாகிட்டகூட சொல்லக்கூடாது, சரியா?"

நான் தலையாட்டினேன். இவ்வளவு பெரிய மனிதருக்கு என்னிடமிருந்து ஒன்று தேவைப்படுகிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே தானா ராத்தா டவுன் கிளினிக்குக்கு லோரியின் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். குப்பியை நர்ஸிடம் கொடுத்தது நான்தான்.

ரத்தம் இல்லை என்று பதில் வந்தது. பெரியம்மா மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். பரீட்சையில் நானே பாஸான மாதிரி குதித்தேன். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டு வெளியே போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

இரண்டு வருடம் கழித்து லோரியிலேயே மயங்கிச் சரிந்தார். ஈப்போ ஆஸ்பத்திரியில் குடலில் புற்றுநோய் என்றார்கள். முதலில் அது சின்னச் சதை வளர்ச்சியாகத்தான் இருந்திருக்கும், அப்போதே பார்த்திருந்தால் குழாய்விட்டு வெட்டி எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அப்பா வீட்டில் வந்து சொல்லும்போது நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவேயில்லை.

சாவு வீட்டில் பெரியம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "டெஸ்ட்ல ஒன்னுமே இல்லன்னு வந்துச்சே! நல்லாத்தானே இருந்தாரு!" வந்தவர்களெல்லாம் ஆமாம், ஆமாம் என்றார்கள். தலையெழுத்து என்றார்கள்.

நான் பெரியம்மாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாவுக்குக் கொடுத்த வார்த்தையைக் கடைசிவரை காப்பாற்றிவிட்டேன் என்று, அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.