நார்பர்ட் கட்டாத கயிறு

நார்பர்ட் லெபக் எங்கள் கடையில் பதினெட்டு வருஷமாக வேட்டைச் சாமான் விற்றார். நான் அதே கடையில் மீன் தூண்டிலும் புழுவும் விற்பவள். விஸ்கான்சினில் எங்கள் ஊர்ப் பக்கம் செப்டம்பர் நடுவில் வில் வேட்டை தொடங்கும். அதற்கு முந்தைய மூன்று வாரமும் கடையில் நிற்க இடமிருக்காது. வந்தவர்களில் பாதிப் பேர் நார்பர்ட்டிடம்தான் கேட்பார்கள்: மரத்தில் எதைக் கட்டி ஏறுவது, எதில் உட்கார்ந்து மானுக்குக் காத்திருப்பது?

அவர் ஒல்லி. அறுபது வயதிலும் அணில் மாதிரி ஏறுவார். ஆளை நிற்கவைத்துக் கேலி பேசியே சாமானை விற்றுவிடுவார். அதுவும் பிடித்துத்தான் ஆட்கள் வந்தார்கள்.

ஒரு வருஷம் அவருடைய தங்கை மார்செல்லாவின் கணவன் எர்வின் வந்தான். பால் லாரி ஓட்டுகிறவன். கனத்த உடம்பு, இரண்டு முழங்காலும் சரியில்லை. ஏணியோடு சேர்ந்த இரும்புப் பரண் ஒன்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதையா? எர்வ், இது முதியோர் இல்லத்துக்கு ஆர்டர் பண்ணது. கூடவே ஒரு நர்ஸும் வருவா" என்றார் நார்பர்ட்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எர்வின் முகம் சிவந்தது. "அப்போ நீ எதுல ஏறுற?"

நார்பர்ட் தன்னுடைய வகையை எடுத்துக் காட்டினார். நான்கு படிக்கட்டைகள். ஒவ்வொன்றாக மரத்தில் வார் போட்டுக் கட்டிக்கொண்டே ஏற வேண்டும். மேலே போனதும் இடுப்புப் பட்டையை மரத்தோடு பிணைத்துத் தொங்கியபடி காத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒரு முதுகுப் பையில் அடங்கிவிடும். கூடவே, ஏறும்போது மரத்தைச் சுற்றிப் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறும் உண்டு.

"இந்தக் கயிறு எதுக்கு?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு, அதுக்காகத் தர்றாங்க. கிளைக்குக் கிளை கழட்டி மாட்டிட்டு நீ மேல போறதுக்குள்ள மான் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிடும். என்னோடது வண்டியிலயே கிடக்கு."

எர்வின் அதையே வாங்கிக்கொண்டு போனான்.

வேட்டை தொடங்கிய மூன்றாம் சனிக்கிழமை விடியும் வேளையில் மூன்றாவது கட்டையிலிருந்து நான்காவதற்குக் கால் வைக்கும்போது அவன் விழுந்தான். பதினைந்தடி உயரம். இடுப்பில் கயிறு மாட்டியிருக்கவில்லை. கைப்பேசி இருந்த பை, மேலே போனதும் இழுத்துக்கொள்வதற்காக வேறொரு கயிற்றில் கட்டி மரத்தடியில் கிடந்தது. அது நான்கு எட்டு தூரம்தான், ஆனால் அவனால் நகர முடியவில்லை. காலை உணவுக்கு ஆளைக் காணோமே என்று பதினோரு மணிக்குத் தேடிப்போன மார்செல்லாதான் பார்த்தாள். குதிகால் நொறுங்கியிருந்தது. முதுகெலும்பில் ஒரு கணு உடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் வந்தவர்களிடமெல்லாம் எர்வின் ஒரே பதிலைச் சொன்னான்: "பனி. கால் வழுக்கிடுச்சு." எல்லாரும் போன பிறகு நார்பர்ட் கட்டிலருகே உட்கார்ந்து, "கயிறு வேணாம்னு நான் சொன்னதை ஏன் சொல்லல?" என்று கேட்டாராம்.

"எனக்கு அம்பத்தெட்டு வயசு. நீ சொன்னேன்னு பண்ண நான் என்ன பச்சப்புள்ளையா? விடு."

அவரால் விட முடியவில்லை. அக்டோபர் முழுக்க அவர்கள் வீட்டுக்கு விறகு பிளந்து போட்டார். கூரையில் இலை வழித்தார். எர்வினை மருத்துவரிடம் கூட்டிப்போய் வந்தார். கடையில் ஒருவரையும் கேலி செய்வதில்லை. என் பக்கம் வந்து புழு டப்பாக்களை வரிசையாக அடுக்கிவிட்டுப் போவார். "நானும்தான் சிரிச்சேன்" என்று ஒரு நாள் சொன்னேன். "நீ விக்கல" என்றார்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, சர்ச் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. நீள மேசையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். மார்செல்லா அண்ணனின் தோளில் கைபோட்டு, "இவன் மட்டும் இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்னே தெரியல" என்றாள்.

நார்பர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "மார்சி, அவன் ஏணிப் பரண்தான் கேட்டான். எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்ணி வேறதை வாங்க வச்சேன். ஏறும்போது கயிறு வேணாம்னு சொன்னதும் நான்தான்."

அவள் கையை எடுத்தாள். கணவனைப் பார்த்தாள். எர்வின் தட்டைப் பார்த்தான். அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

வாகனம் நிறுத்துமிடத்தில், வாக்கரைப் பிடித்து நின்றபடி எர்வின் கத்தியது எனக்குக் கேட்டது. "உன் மனசு லேசாகணும்னு என் வீட்டுல கல்லத் தூக்கிப் போட்டுட்ட! ரெண்டு மாசமா ஏமாத்துனேன்னு இனி என்னையும்தானே கேப்பா? சொல்லணும்னா தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

மறுநாள் நார்பர்ட் என்னிடம் மட்டும், "அவன் சொன்னது சரிதான். அதையும் எனக்காகத்தான் பண்ணிருக்கேன்" என்றார்.

அந்த மாதக் கடைசியில் நன்றி கூறல் நாள் விருந்துக்கு மார்செல்லா அவரை அழைக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அழைப்பில்லை. லாரி ஓட்ட முடியாததால் எர்வின் பால் பண்ணையில் எடை பார்க்கும் வேலைக்கு மாறினான்.

அடுத்த ஆகஸ்டில் கணவன் மனைவி இருவரும் கடைக்கு வந்தார்கள். எர்வின் கையில் ஊன்றுகோல்.

"திரும்பவும் ஏறத்தான் போறாராம். ஒரு வருஷமா சண்டை போட்டுத் தோத்துட்டேன்" என்றாள் மார்செல்லா. அண்ணனை அவள் நேராகப் பார்க்கவில்லை. "எதுல ஏறலாம்னு சொல்லு. இந்தத் தடவ ஒழுங்கா சொல்லு."

தரையில் போடும் கூடாரத்தில் உட்காரச் சொல்லிவிடலாமென்று நார்பர்ட்டுக்கு நாக்கு நுனிவரை வந்ததாம். அப்படிச் சொன்னால் அவருக்கு நிம்மதி. அது எர்வின் காலைப் பார்த்துச் சொல்வதா, தன் பயத்தைப் பார்த்துச் சொல்வதா என்று யோசித்து நிறுத்திக்கொண்டார். கடையின் ஏணியைக் கொண்டுவந்து, "ஏறு. நான் பின்னாடி நிக்கிறேன்" என்றார்.

எர்வின் எட்டுப் படி ஏறினான். ஒன்பதாவதில் குதிகால் ஒத்துழைக்கவில்லை.

"எட்டடி. அதுக்கு மேல வேணாம். ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச ஏணிப் பரண். மேலருந்து தரை வரைக்கும் கயிறு தொங்கும். தரையிலயே இடுப்புல மாட்டிக்கணும், இறங்கித் தரையத் தொட்டப்புறம்தான் கழட்டணும்" என்றார் நார்பர்ட்.

"எட்டடியில மான் என் வாசனையப் புடிச்சு ஓடிடும்டா."

"ஓடட்டும்."

பரணை நார்பர்ட்தான் கட்டினார். தானே மூன்று முறை ஏறிக் குதித்து ஆட்டிப் பார்த்தார். அந்த ஆண்டு அவர் வேட்டைக்கு உரிமமே எடுக்கவில்லை. முதல் சனிக்கிழமை எர்வின் கயிற்றை மாட்டி, ஏறி, உட்காரும்வரை மரத்தடியில் நின்றார். பிறகு எர்வின் வீட்டுத் தோட்டத்து வேலியோரம் நிறுத்தியிருந்த தன் வண்டிக்குப் போய்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, காடு இருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு மார்செல்லா ஒரு கோப்பைக் காப்பியோடு வேலியோரம் வந்தாள்.

"சர்க்கரை போட்டுக்குவியா? மறந்துபோச்சு."

"வேணாம்" என்றார்.

அவள் கோப்பையைக் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறாமல், கதவோரமே நின்றாள். எர்வின் இறங்கி வரும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள். மான் எதுவும் கிடைக்கவில்லை.