கையோடு வரும் ஸ்டியரிங்

பழவேற்காடு கடைத்தெரு முடிந்து ஏரிக்கரைக்குத் திரும்புகிற இடத்தில் எனக்கு ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. படகுகளில் ஒன்றிரண்டாக மோட்டார் ஏறத் தொடங்கியிருந்தது. உப்புக் காற்றில் இன்ஜின்கள் அடிக்கடி மக்கர் செய்ததால் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. மொபெட், தண்ணீர் பம்பு, தையல் மிஷின் எல்லாம் பார்ப்பேன். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லும் வழக்கம் அப்போது எனக்கு இல்லை.

ஒரு நாள் பிற்பகல், கொட்டகை வாசலில் சிவப்பாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாகக் கிடந்தது. உள்ளே இறால் வியாபாரம் செய்யும் பாய் உட்கார்ந்திருந்தார். ஊரின் பழைய வணிகக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. நாற்பத்தைந்து வயதிருக்கும். நல்ல கனமான உடம்பு, அதைவிடக் கனமான சிரிப்பு. சோழவரத்தில் கார் பந்தயம் பார்க்கப் போனவர், திரும்பி வந்த ஒரே மாதத்தில், மெட்ராஸில் யாரோ ஒருவரின் பங்களாவில் தூசி மூடிக் கிடந்த இந்த வண்டியை வாங்கிவிட்டார்.

"இறங்கி வாங்க பாய், டீ சாப்பிடலாம்" என்றேன்.

"எறங்க முடிஞ்சா நான் இன்னாத்துக்கு உங்கிட்ட வர்றேன்?" என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். ஸ்டியரிங் அவர் வயிற்றில் பதிந்து கிடந்தது. காலையில் ஏறும்போது வெறும் வயிறாம். வழியில் ஒரு கல்யாண வீட்டில், வண்டியைப் பார்க்கும் ஆசையில், பிரியாணியைக் காருக்கே கொண்டுவந்து பரிமாறியிருக்கிறார்கள்.

நானும் எதிர்க்கடையில் வலை விற்பவரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்தோம். இழுக்கும்போதெல்லாம் அவர் வயிறு ஹாரனை அமுக்க, வண்டி அலறியது. தெருவே கூடிவிட்டது. கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தவர், முதல் காரியமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வண்டி நல்லா கீது. எறங்கற வேலதான் கொஞ்சம் கஷ்டம்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

துபாயில் இருந்த அவருடைய மச்சானுக்குக் கடிதம் போனது. இரண்டு மாதத்தில் ஒரு அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே தோல் சுற்றிய சின்ன ஸ்டியரிங், அதன் முதுகில் ஒரு இரும்புப் பூட்டு, அந்தப் பூட்டைச் சுற்றி ஒரு வளையம். வளையத்தைப் பின்னால் இழுத்தால் ஸ்டியரிங் தனியாகக் கையோடு வந்துவிடும். தள்ளினால் 'டிக்' என்று உட்கார்ந்துகொள்ளும். விபத்து நேர்ந்தால் பந்தயக்காரர்கள் சட்டென்று வெளியே வருவதற்காகச் செய்தது. பாய் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே வருவதற்காக வாங்கினார்.

"உன்னால முடியுமா?"

"இது இன்னா பாய் பெரிய வேல? ஒரு மணி நேரம்" என்றேன்.

ஒன்பது நாள் ஆனது.

பழைய ஸ்டியரிங்கின் நடு நட்டு சுலபமாகக் கழன்றது. ஸ்டியரிங் கழலவில்லை. தண்டோடு துருப்பிடித்து ஒன்றாகிவிட்டிருந்தது. ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். மறுநாள், படகு இன்ஜின் சக்கரங்களை இழுத்துக் கழற்ற வைத்திருந்த புல்லரை மாட்டி முறுக்கினேன். 'டப்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கை மார்போடு அணைத்தபடி நான் வண்டியின் பின்பக்கம் மல்லாந்து கிடந்தேன். அதன் பிறகுதான் தெரிந்தது, தண்டில் இருக்கும் பற்களுக்கும் துபாயிலிருந்து வந்த உருப்படியின் பற்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று. பழைய ஸ்டியரிங்கை எடுத்துக்கொண்டு மீஞ்சூர் லேத் பட்டறைக்குப் போனேன். அதன் நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, ஆறு துளை போட்டு, புதுப் பூட்டின் கீழ்ப்பாதியை அதன் மேல் போல்ட் வைத்து முடுக்கினோம். மிச்சமான பழைய ஸ்டியரிங் வட்டத்தை நண்டு பிடிப்பவர் ஒருவர் வலை கட்டக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மாட்டிக் கொடுத்தேன். பாய் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்து, முகத்தைச் சுளித்தார்.

"ஸ்டியரிங் மசூதியப் பாத்துக்கினு கீது. வண்டி ஏரியப் பாத்துப் போவுது."

ஒரு பல் தள்ளி மாட்டினேன். இப்போது ஸ்டியரிங் சந்தைப் பக்கம் பார்த்தது. மூன்றாவது முறைதான் வண்டியும் ஸ்டியரிங்கும் ஒரே பக்கம் பார்த்தன. கழற்றினால் ஹாரன் ஒயர் அறுந்துவிடும் என்பதால், டாஷ்போர்டில் வீட்டுக் காலிங்பெல் சுவிட்ச் ஒன்றைப் பதித்து அதில் இணைத்தேன். வண்டியிலேயே எனக்குப் பெருமையான பாகம் அதுதான்.

அன்றிலிருந்து பாயை ஸ்டியரிங் இல்லாமல் யாரும் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்துவார், வளையத்தை இழுப்பார், ஸ்டியரிங்கைக் கையில் மாட்டிக்கொண்டு இறங்குவார். கார் ஓட்டத் தெரிந்தவர்களே நாலைந்து பேர்தான் இருந்த ஊரில், திருட்டுப் போய்விடும் என்று சொல்லிக்கொள்வார். முடிதிருத்தும் கடையில் அது அவர் மடியில் இருக்கும். டீக்கடை பெஞ்சில் அதற்கு ஓர் இடம் உண்டு. "சோறு துன்னும்போதாச்சும் அத்த கீழ வைங்கன்னு வீட்ல சத்தம் போடறாங்கப்பா" என்று என்னிடமே குறைபட்டுக்கொண்டார்.

இப்படியிருக்க, ஒரு நாள் அக்கரைக் கிராமத்தில் இறால் பார்க்கப் பாய் கிளம்பினார். அதே ஊரில் ஒரு மோட்டாரைப் பிரிக்க வேண்டியிருந்ததால் நானும் அதே படகில் ஏறினேன். துறைக்குப் போகும் சந்தின் வாயில், சுவரை ஒட்டி ஒடித்துத் திருப்பி, வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். ஸ்டியரிங் வழக்கம்போல மடியில். இரண்டு கையும் அதன் மேல்.

நடு ஏரியில், வலை ஏற்றிய பாய்மரப் படகு ஒன்று எதிரே வந்தது. கழி ஊன்றி எங்கள் படகைத் தள்ளிக்கொண்டிருந்தவர், பீடி பற்றவைக்க முதுகைத் திருப்பிய நேரம். எதிர்ப்படகு நேராக எங்கள் மேல் வந்தது.

"யா அல்லா!" என்று கத்திய பாய், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுசாகத் திருப்பினார். வலது கால் படகின் பலகையை ஓங்கி மிதித்தது.

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த மெக்கானிக்காகிய நானும், "இன்னும் ஒடிங்க பாய், இன்னும் ஒடிங்க!" என்று கத்தினேன்.

படகு அவருடைய சொல்லையும் கேட்கவில்லை, என் சொல்லையும் கேட்கவில்லை. இடித்தது. நாங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். ஸ்டியரிங் ஒரு வட்டம் அடித்துத் தண்ணீரில் விழுந்து, கண்ணெதிரே மறைந்தது. கழிக்காரர் வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டு, மிக மரியாதையாகக் கேட்டார்:

"இன்னா பாய், திரும்பலயா?"

இறால் பார்க்காமலே கரைக்குத் திரும்பினோம். அங்கே ஐஸ் லாரி, சந்துக்குள் நுழைய முடியாமல், பாயின் காருக்குப் பின்னால் நின்று ஓயாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஐஸ் உருகித் தெருவில் ஓடியது. சக்கரங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் வண்டியைத் தள்ளவும் முடியாது. பழைய ஸ்டியரிங்கோ அந்நேரம் ஏரியில் எங்கோ நண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

கொட்டகைக்கு ஓடிப்போய் பைப் ரெஞ்சு எடுத்து வந்தேன். ஸ்டியரிங் தண்டின் நுனியில் அதைக் கவ்வவிட்டு, நானே ஓட்டினேன். கால் சுற்று திருப்பினால் ரெஞ்சின் கைப்பிடி என் முழங்காலில் இடிக்கும். கழற்றி, மறுபடி கவ்வவிட்டு, அடுத்த கால் சுற்று. முந்நூறு அடி தூரத்தில் இருந்த கொட்டகைக்கு வந்துசேர அரைமணி நேரம் ஆனது. காலிங்பெல் சுவிட்ச் மட்டும் பிரமாதமாக வேலை செய்தது.

இரண்டு நாள் ஆட்கள் மூழ்கித் தேடினார்கள். ஒரு நங்கூரம் கிடைத்தது, ஒரு பித்தளைக் குடம் கிடைத்தது, ஸ்டியரிங் கிடைக்கவில்லை. ஏரியில் ஆழம் குறைவு, சேறு அதிகம். பாய் என் கொட்டகையில் வந்து வெறும் கையோடு உட்கார்ந்திருப்பார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பார். எனக்கே பாவமாக இருந்தது.

மூன்றாம் நாள் மதியம், ஏரியில் இறங்கிக் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் கொட்டகைக்கு வந்தார்கள். முன்னால் வந்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஈரப் புடவை, இடுப்பில் ஓலைக் கூடை, கழுத்தில், கயிற்றில் கோத்த மாலையாக ஸ்டியரிங்.

"கால்ல இடிச்சிச்சு. இன்னாவோ ஜந்துன்னு நென்ச்சி கூவிட்டேன். அப்பால தடவிப் பாத்தா வட்டமா கீது" என்றார்.

பாய் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "இன்னா வேணும்னு கேளும்மா. எது கேட்டாலும் தர்றேன்."

"ஒரு ரவுண்டு போவணும். முன்னாடி குந்திக்கினு."

பூட்டுக்குள் இருந்த சேற்றையும் மணலையும் நல்ல தண்ணீரில் கழுவி, எண்ணெய் விட்டு, பத்து முறை மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. அக்கா கூடையோடு ஏறினார். பாய் வண்டியைக் கிளப்பிய வேகத்தில் முந்தானை பறந்தது.

"மெதுவாப் போ பாய்! எல்லாரும் பாக்க வாணாமா?"

பாய் மெதுவாகப் போனார். அவர் அந்த வண்டியை அவ்வளவு மெதுவாக ஓட்டி நான் பார்த்ததில்லை. மீன் சந்தையைச் சுற்றிக்கொண்டு, தோணிரேவு சாலையில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்கள். மடியில் கூடையும், முகத்தில் மகாராணியின் நிதானமுமாக இறங்கிய அக்கா, "அடுத்தது யாருடீ?" என்றார்.

மற்றப் பெண்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் வரிசையாக நின்றார்கள். பாய் ஒவ்வொருவரையும் ஏற்றி, அதே சுற்று, அதே மெதுவான வேகத்தில் போய் வந்தார். சீட்டெல்லாம் சேறு. அவர் முகமெல்லாம் சிரிப்பு.

ஒன்பது நாள் பாடுபட்டு அந்த ஸ்டியரிங்கை மாட்டிய என்னை, அதுவரை அவர் ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்கார வைத்ததில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, நானும் போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.