கடைசி லோஞ்சுக்கு முன் கண்ணாடி

நேற்றுக் குசினியில் தாச்சியின் பிளாஸ்டிக் பிடி நெருப்பில் பட்டு இளகிவிட்டது. வீட்டிலிருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறக்க ஓடினார்கள். நான் மட்டும் தாச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மணத்தை இழுத்து இழுத்து முகர்ந்துகொண்டு நின்றேன். சூடாக்கிய உப்புக்குள் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தைச் செருகி இளக வைக்கும்போது இதே மணம்தான் எழும். எனக்கு அதோடு திருகோணமலை உள்துறைமுகத்தின் டீசல் புகையும், ஒரு பெண் செருப்புத் தட்ட ஓடுகிற சத்தமும் சேர்ந்து வரும்.

ஓடிய பெண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அவரிலிருந்துதான் தொடங்கியது.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மூதூருக்குத் தரைவழியாகப் போவதை யாரும் நினைத்தும் பார்ப்பதில்லை. இறங்குதுறையிலிருந்து லோஞ்ச் என்கிற எஞ்சின் படகைப் பிடித்துக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும். நான் கொழும்பில் கண்பார்வை அளக்கப் படித்து முடித்த கையோடு, அந்த இறங்குதுறைக்கு எதிரே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் கடை திறந்திருந்தேன். சுவரில் சான்றிதழ், உடம்பில் வெள்ளைக் கோட்டு, தலைக்குள் உலகத்தின் கண்களை எல்லாம் திறந்துவிடப் போகிற கர்வம். கோட்டைக் கண்ட முதியவர்கள் ஊசி போடப்போகிறேன் என்று வாசலோடு திரும்பியதில் கோட்டு முதல் மாதமே கழன்றது. கர்வம் கழலக் கொஞ்சக் காலம் எடுத்தது.

அன்று என் கதிரையில் இருந்தவர் மூதூர்த் தையல்காரி றஹீமா. அக்கா என்பதை அவர்கள் பக்கத்தில் ராத்தா என்பார்கள். நானும் றஹீமா ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஊசியில் நூல் கோக்க ஏலாமல் வந்திருந்தார். கண் அளக்கிறபோது முகத்தில் மாட்டுகிற ஒரு சோதனைச் சட்டம் உண்டு. இரண்டு கனத்த இரும்பு வட்டங்கள், ஓரமெல்லாம் திருகாணிகள். அதற்குள் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்போம். கேட்டுக்கொண்டிருந்த பாதியில் லோஞ்ச் ஊதியது. ராத்தா பையைத் தூக்கினார், எழும்பினார், ஓடினார். சோதனைச் சட்டம் முகத்திலேயே இருந்தது.

நான் பின்னால் ஓடினேன். இறங்குதுறை வாசலில் காவலரண். அங்கே கண்ணாடி போட்ட எல்லாரும் அதைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார்கள். அடையாள அட்டைப் படத்தில் கண்ணாடி இல்லையே. கழற்றியதைச் சாரத்து மடியிலும் கூடைக்குள்ளும் போட்டு நெரித்துக்கொண்டு என்னிடம் திரும்பி வருவார்கள். ஒருமுறை அக்காவும் தங்கையுமாக வந்த இரண்டு பேர் காவலரணில் கண்ணாடியை மாறி எடுத்துக்கொண்டு போய், இரண்டு மாதம் ஒருவர் பார்வையில் மற்றவர் சமைத்தார்கள். பிறகுதான் வலை பின்னுகிற நைலோன் நூலில் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடப் பழக்கினோம். அது கிடக்கட்டும். அன்று சிப்பாய் அட்டையைப் பார்த்தான், ராத்தாவின் முகத்திலிருந்த இரும்பைப் பார்த்தான், சிரிப்பை மறைக்கக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தபோது ராத்தா தன் சட்டைக்கையின் ஓரத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தத் தையல் நான் போட்டதா புள்ள? இவ்வளவு கோணலாவா?”

சட்டத்தைக் கழற்றித் தந்தார். கண்ணாடி கொழும்பிலிருந்து இரண்டு கிழமையில் வரும் என்றேன். அவர் லோஞ்சில் ஏறப்போனவர் திரும்பினார். “ரெண்டு கிழமையில எனக்கு ஆரு பாஸ் தருவாங்க? கடலையும் கடந்து, செக்பொயின்ட்டையும் கடந்து, ஒரு நாள் தையலையும் விட்டுட்டு வந்தனான். இண்டைக்கே தர ஏலாதா?”

லோஞ்ச் போய்விட்டது. நான் அவர் முகச் சூடு ஆறாத அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில்தான் எனக்கு அது பட்டது. கண் பார்த்த அன்றே, கடைசி லோஞ்ச் போகுமுன், கண்ணாடி முகத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஏன் கொழும்பு வரை போய்ப் படித்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

கடையில் முன்மேசையைப் பார்த்துக்கொண்டவர் புவனாக்கா. ஏதோ கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்து, கந்தோர் எரிந்த பிறகு என்னிடம் வந்து சேர்ந்தவர். கொழும்பிலிருந்து செய்து வந்தும் ஆள் வந்து எடுக்காத கண்ணாடிகளால் அவருடைய மேசை லாச்சி நிறைந்திருந்தது. அவர் அந்தக் கடைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்: கண்ணாடி அநாதை மடம். நான் ஓடிவந்து யோசனையைச் சொன்னதும், “மடத்தைப் பூட்டப் போறீர் எண்டு சொல்லும்” என்றார். அவருடைய அகராதியில் அது வாழ்த்து.

கொழும்பில் படித்த காலத்தில் வகுப்பில் சலித்துப்போய் வில்லை வெட்டுகிற பட்டறையில் போய் நிற்பேன். அந்தச் சோம்பல்தான் கைகொடுத்தது. வழக்கமாகத் தேவைப்படுகிற பவர்களில் வெட்டாத வட்டக் கண்ணாடிகளை வாங்கி அடுக்கினேன். ஒரு சாணைக்கல், தண்ணீர் சொட்ட ஒரு தகரம், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, உப்பு நிறைந்த ஒரு தாச்சி. மின்சாரம் போனாலும் சாணையைக் கால் மிதித்துச் சுற்றலாம். கடை நேரத்தையும் லோஞ்சுக்கு மாற்றினோம். கடல் கடந்து வந்தவர்களுக்கு முதலிடம். நகரத்துப் பிரமுகர் ஒருவர் தன்னைக் காக்க வைப்பதாகக் குரலை உயர்த்தியபோது புவனாக்கா ஒரு கதிரையை அவர் பக்கம் தள்ளினார். “ஐயா, உங்கட வீட்டுக்குப் போகக் கடல் குறுக்கிடாது. ஆறுதலா இருங்கோ.”

கேள்விகளையும் மாற்றினேன். எழுத்து அட்டையை நீட்டுவதற்கு முன், கண்ணால் உங்களுக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். சுளகில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கச் சொன்னேன். வலைக்கண் எண்ணச் சொன்னேன். அட்டையில் ஒரு வரியும் வாசிக்காத பெண்கள் சுளகில் கல்லைக் கண்டதும் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், நாள்தோறும் பார்த்தேன். றஹீமா ராத்தாதான் முதல் ஆள். மறுபடி பாஸ் கிடைத்து வந்தபோது, மத்தியானத்துக்குள் கண்ணாடியைப் போட்டு, ஒரே தரத்தில் நூலைக் கோத்து, ஊசியைக் கொடி மாதிரித் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை மூதூரிலிருந்து ஒரு குட்டி ஊர்வலமே வந்தது.

அவர்களை ஏற்றி இறக்கிய லோஞ்சின் சுக்கான் பிடித்தவர் தங்கராசா அண்ணை. சுக்கான்காரரை எங்கள் கரையில் தண்டயல் என்போம். சாம்பல்தீவுக்காரர், கடலில் பிறந்தவர் என்றே சொல்லலாம். எப்போதும் கண்ணைச் சுருக்கி முகத்தைக் கடுப்பாக வைத்திருப்பார். ஊர் முழுவதும் அவரைப் பெரிய கோபக்காரர் என்று நம்பியது. கோபக்காரர் செய்கிற காரியமா, என் கடையில் கண்ணாடிக்குக் காத்திருக்கிறவர் யாரும் உண்டென்றால் லோஞ்சைக் கொஞ்சம் தாமதித்து எடுப்பார். “பிள்ளை, என்ர லோஞ்சை உம்மட கடை மணிக்கூடு ஆக்கிப்போட்டீர்” என்று உறுமுவார்.

ஒருநாள் கடைசி நிமிடத்தில் முடிந்த ஒரு கண்ணாடியைத் தூக்கிக் காட்டியபடி இறங்குதுறையில் ஓடினேன். அண்ணை என்னை நேரே பார்த்தார். என் குரல் கேட்கும் வரைக்கும் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கினால் தூரம் சற்றுத் தெளியும். தூரப் பார்வை குறைந்தவர்கள் எல்லாரும் அறியாமல் செய்வது அது. அந்தக் கோபம் கோபமே இல்லை.

முன்பென்றால் பரவாயில்லை. அந்தக் குடா அவருக்கு மனப்பாடம். ஆனால் சண்டைக்காலத்தில் லோஞ்ச் போகக் கடற்படை ஒரு பாதை விட்டிருந்தது. இரண்டு பக்கமும் சிவப்பு, பச்சைப் பீப்பாய்களை மிதக்க விட்டிருந்தார்கள். நினைத்தபோது அவற்றை இடம் மாற்றுவார்கள். பாதையை விட்டு விலகினால் வெடி விழும். லோஞ்ச் நிறையச் சனம்.

தனியாகப் பிடித்து மெல்லக் கேட்டேன். சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “என்ர கண்ணுக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை. உதை வெளியில கதைச்சீரெண்டால் நாளைக்கே வேற ஆள் சுக்கான் பிடிப்பான். கண் தெரியாதவன்ர லோஞ்சில ஆர் ஏறுவினம்?” அவருடைய உழைப்பில் ஒரு வீடே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. சொன்னால் அவர் சோறு போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் எல்லாமே போகும். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புவனாக்காதான் முடிச்சை அவிழ்த்தார். “அந்த ஆள் கடைக்கு வராது. கடையை அந்த ஆளிட்டக் கொண்டுபோம்.”

மத்தியானம் லோஞ்ச் வெறுமையாகக் கட்டிக்கிடக்கும். சாப்பாட்டுக் கூடைக்குள் வில்லைப்பெட்டியை வைத்து மேலே வாழையிலை மூடிக்கொண்டு போனேன். காவலரணில் இளம் சிப்பாய் இலையை விலக்கிப் பார்த்தான். ஒரு வில்லையை எடுத்து வெயிலுக்குப் பிடித்துச் சிறு பிள்ளை மாதிரி விளையாடிவிட்டுத் திருப்பி வைத்தான். அண்ணைக்கு என்னைக் கண்டதும் முகம் கறுத்தது. சாப்பாடு கொண்டுவந்தேன் என்றேன். அதுவும் உண்மைதான், பெட்டிக்கு அடியில் இரண்டு ரொட்டி இருந்தது.

எழுத்து அட்டை எதுவும் இல்லை. கடலைக் காட்டி, அங்கே தெரிகிற பீப்பாய் என்ன நிறம் என்று கேட்டேன். “சிவப்பு” என்றார் தயங்காமல். நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே இருந்தது ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த தோணி.

அவர் முகத்தில் சோதனைச் சட்டத்தை மாட்டி வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒரு கட்டத்தில் அவர் கை தானாகப் போய்ச் சுக்கானைப் பிடித்துக்கொண்டது. எனக்கல்ல, கடலுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். “அதிலயோ போட்டு வச்சிருக்கிறாங்கள்? நான் நேற்று அதுக்கு அங்காலயெல்லோ போனனான்.”

கடைக்கு ஓடிப்போய் வெட்டினேன், சாணை பிடித்தேன், உப்பில் சட்டத்தை இளக்கி வில்லைகளைப் பொருத்தினேன். பின்னேரக் கடைசி லோஞ்சுக்கு முன் கண்ணாடி தயார். அண்ணை கூட்டோடு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கரை மறைந்த பிறகு போடுகிறேன் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. புவனாக்காவிடம் கடையை விட்டுவிட்டு நானும் ஏறினேன். மூதூரில் இரவு தங்க றஹீமா ராத்தா வீடு இருந்தது. அவரும் அன்று அதே லோஞ்சில் திரும்பிக்கொண்டிருந்தார்.

கரை மறைந்தது. கண்ணாடி பையை விட்டு வெளியே வரவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் எடுக்க அவரால் முடியவில்லை. நான் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். லோஞ்சின் முன்பக்கத்தில் றஹீமா ராத்தாவும் இன்னும் சில பெண்களும் உரத்த குரலில் வாயாடத் தொடங்கினார்கள். மீன் விலை, கலியாணப் பேச்சு, இடையிடையே கடல். “அங்க பாருங்கடி, சிவப்பு இண்டைக்கு எவ்வளவு தள்ளிப் போயிட்டு.” “பச்சை மட்டும் என்னவாம், இடப்பக்கம் கிட்ட வந்திட்டு.” இவர்களுக்கு இந்த நேரத்திலும் கதைதான் என்று எரிச்சலாக இருந்தது. பிறகு கவனித்தேன். பெண்கள் சொல்லச் சொல்ல லோஞ்ச் திரும்பிக்கொண்டிருந்தது.

ராத்தாவின் அருகில் போய் இருந்தேன். அவர் என் காதில் சொன்னார். “எல்லாருக்கும் தெரியும் புள்ள. அவருக்கு வெக்கம். அதான் நாங்க கதைக்கிற மாதிரிக் கதைக்கிறம்.” எவ்வளவு காலமாக என்று கேட்டேன். கையை விரித்தார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் காத்த இரகசியத்தை அந்த லோஞ்ச் முழுவதும் எப்போதிருந்தோ காத்துக்கொண்டிருந்தது.

ராத்தாவின் கண் அண்ணையின் சட்டைப் பையில் புடைத்திருந்த கூட்டில் விழுந்தது. எங்கள் கடைக் கூடு. தன்னிடமும் ஒன்று இருக்கிறதே, தெரியாதா. எழும்பி நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். “அண்ணன், பையில இருக்கிறதை எடுத்துப் போடுங்க. கத்திக் கத்தி எங்கட வாய் நோகுது.”

லோஞ்ச் முழுக்கச் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. ஒரு கையால் சுக்கானைப் பிடித்தபடி மறுகையால் கூட்டைத் திறந்து கண்ணாடியைப் போட்டார். முகத்திலிருந்த சுருக்கம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. கோபக்காரர் போய் வேறொருவர் நின்றார். முன்பக்கத்தில் பெண்கள் வாய் மூடி இருந்தார்கள். எஞ்சின் சத்தம் மட்டும். பிறகு அண்ணையின் குரல் எழுந்தது. “பச்சை இடப்பக்கம்.” யாரும் கேட்கவில்லை, தேவையும் இல்லை. ஆனாலும் சொன்னார். அடுத்த சிவப்பையும் சொன்னார். மூதூர் வரும் வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு எங்கள் வாசலில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். தண்டயலே போட்டுக்கொண்டு கப்பல்காரன் மாதிரி நிற்கிறார், எங்களுக்கு என்ன வெட்கம் என்றார்கள். லாச்சியில் எடுக்காத கண்ணாடி ஒன்றுகூட இல்லாமல் போனது. வேறு எத்தனையோ இழந்த அந்த வருடங்களில் எங்கள் அறைக்குள் நாளுக்கு நாள் யாராவது ஒருவர் வென்றுகொண்டே போனார்.

இப்போது பாலங்கள் வந்துவிட்டன. மூதூருக்கு பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழும்புவதற்குள் போய்விடலாம். லோஞ்ச் நின்றுபோனது, பீப்பாய்களைத் தூக்கிவிட்டார்கள், காவலரண் இருந்த இடத்தில் யாரோ இளநீர் விற்கிறார்கள். தங்கராசா அண்ணையும் லோஞ்ச் நிற்கும் நாள் வரை சுக்கான் பிடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். மறுபடி வருமென்று யாரும் ஏங்கக்கூடிய காலமில்லை அது. அந்த முன்பக்கத்துச் சளசளப்பு மட்டும் எனக்குக் குறைகிறது.

அடுத்த கிழமையிலிருந்து வில்லைப்பெட்டியோடு நகர பஸ் நிலையத்துக்குப் போகப்போகிறேன். சாரதிகள் ஓய்வெடுக்கிற இடத்தில் இருந்து கண் பார்க்க ஒரு மர வாங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நேராகக் கேட்டால் கண் தெரியவில்லை என்று ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரியும். அதனால் முதலில் வெருகல் பஸ்ஸில் ஒருமுறை சும்மா போய்வர இருக்கிறேன், சாரதிக்குப் பின் இருக்கையில் இருக்கிற பெண்கள் வழி நெடுக உரத்துக் கதைக்கிறார்களா என்று கேட்பதற்கு.