தேயிலை ஸ்டோரில் பயிற்சி கேட்ட விடுமுறை

திருச்சியில் மாமா வீட்டில் தங்கி ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பை முடிக்குமுன் ஏதாவது ஓர் ஆலையில் பயிற்சி பெற வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் சர்க்கரை ஆலை, சிமென்ட் ஆலை என்று அலைந்தார்கள். எனக்கு அந்த அலைச்சல் இல்லை. இலங்கையில், தலவாக்கலைக்கு மேலே நான் பிறந்த தோட்டத்திலேயே தேயிலை ஸ்டோர் இருந்தது; தேயிலை ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பாவுக்கு அங்கேதான் வேலை. தோட்டத்து நிர்வாகியான துரைக்கு விண்ணப்பம் எழுதிப் போட்டுவிட்டு, விடுமுறைக்குக் கப்பலேறினேன்.

நான் சொன்னதும் அம்மா மகிழ்வாள் என்று நினைத்திருந்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"இந்தியாவுல படிக்கிறேன்னு எழுதிட்டியா?" என்றார் அப்பா.

"எழுதாம எப்படிப்பா கேக்குறது?"

அப்பா இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு மனுப் போட்டிருந்தார். விசாரணைக்கு அழைப்பு வந்திருந்த நேரம் அது. கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒருவருக்கு, மனைவி சில காலம் இந்தியாவில் இருந்ததைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள்.

துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவருடைய தோட்டத் தமிழில் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"நல்லது. படிச்சு முடிச்சு அங்கேயே வேலை செய்யுதா?"

"இல்லைங்க தொரை. இங்கதான் வருவேன்."

"அப்பாவும் அங்கே போகுதா?"

இல்லை என்றேன். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து, தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் எங்கள் லயத்துக்கு வந்தார். அவர் அதுவரை அந்தப் பக்கம் வந்ததே இல்லை. வாசலில் நின்றபடியே எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் கூரைத் தகரத்தையும் அடுப்படியையும் அம்மாவின் கோழிகளையும் பார்த்தார்.

"போறதுக்கு முந்தி ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தக் காம்பராவக் கேட்டு ஆளு இருக்கு."

"நாங்க எங்கங்கய்யா போறோம்?" என்றாள் அம்மா.

"சும்மா சொன்னேன்" என்று அவர் சிரித்தார். அவர் போன பிறகும் அம்மா கதவை விட்டு நகரவில்லை.

விசாரணை நுவரெலியாவில். அப்பாவுடன் நானும் பஸ்ஸில் போனேன். மூடுபனியில் எதிரே வந்த பஸ்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. விசாரணை அறைக்கு வெளியே, திறந்திருந்த கதவோரம் நின்றேன். மூத்த மகன் எங்கே இருக்கிறான் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"படிக்கத்தாங்கய்யா போயிருக்கான். லீவுக்கு லீவு வந்துருவான். இந்தா, வெளியில நிக்கிறான். படிப்பு முடிஞ்சா இங்கயே ஸ்டோர்ல…"

மொழிபெயர்ப்பாளர் அதிகாரியிடம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார்.

"இந்தியாவே."

சிங்களத்தில் அதற்கு இந்தியாவில் என்று பொருள். அதிகாரி எழுதிக்கொண்டார். அப்பா கையை உயர்த்தி என்னைக் காட்டினார். அதிகாரி தலை நிமிரவில்லை.

துரையின் பதில் வருமுன்பே, பிரஜாவுரிமை இல்லாத நான் இலங்கையில் தங்குவதற்குக் கொடுத்திருந்த அனுமதி முடிந்துவிட்டது. திரும்பிப் போய் நீலகிரியில் ஓர் ஆலையில் பயிற்சியை முடித்தேன். அங்கேயும் அதே இலை, அதே வாடை. அங்கிருக்கும்போதுதான் அப்பாவின் மனு தள்ளுபடியான செய்தி வந்தது. அப்பீல் போட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் தோட்டத்துக்காரர் ஒருவர் திருச்சிக்கு வந்தார். வீட்டில் எல்லோரும் எப்படி என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்காங்க தம்பி. ஒங்கம்மாதான் கோழியெல்லாம் வித்துட்டாங்க. ஏன்னு கேட்டா, கப்பல்ல கோழிய ஏத்துவாங்களான்னு கேக்குறாங்க."